எருக்குழிக்குப் போன கோகோ

மகாராஜா காலத்தில், மைசூர் நர்சரியிலிருந்து கோகோ கன்றுகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஹனூர்ப் பக்கம் போய் ஒரு தென்னந்தோப்புக்காரரிடம் கொடுத்தவன் நான்தான். அவருக்கு ஒடிசலான உடம்பு, காதில் சிவப்புக்கல் கடுக்கன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, எதிர்ப்படும் ஒவ்வொரு மரத்தையும் தட்டிக்கொடுத்தபடிதான் தோப்புக்குள் நடப்பார். தென்னைக்கு நடுவே எங்கே குழி, எவ்வளவு தண்ணீர் என்று நான் ஒப்பித்ததையெல்லாம் அப்படியே செய்தார்.

நான்காம் வருஷம் கொட்டை வாங்கிவரச் சாக்குகளோடு போனேன். தென்னைகள் முன்னைவிடக் குலை தள்ளி நின்றன. அடியில் கோகோ, மஞ்சள் பழங்களோடு.

“கொட்டையெல்லாம் எங்கே?” என்றேன்.

எருக்குழியைக் காட்டினார். “சதையை ஊரே சப்பித் தின்னுச்சுங்க, நல்ல இனிப்பு. கொட்டை ஒரே கசப்பு. குழியில போட்டுட்டனுங்க.”

“கொட்டைக்காகத்தானய்யா இந்தச் செடியே!” என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. “நீங்க சொல்லவே இல்லீங்களே. அந்தக் கசப்பை வெச்சு என்னதானுங்க பண்ணுவாங்க?”

சீமையில் ஏதோ பண்டம் செய்கிறார்கள் என்பதற்கு மேல் எனக்கும் தெரியாது. அந்தப் பண்டத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அவர் ஒரு பழத்தை உடைத்து நீட்டினார். சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பக் குனிந்தேன். சட்டென்று என் வாய்க்குக் கீழே இரு கைகளையும் ஏந்தினார்.

“இதுல துப்புங்க. இனி ஒண்ணுகூட வீணாகாதுங்க.”

துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் நின்றேன்.