'போல' போட்டால் உவமை

கோர்படி ரயில்வே காலனியில் என் அக்காவுக்குப் பெயரே கிடையாது. பால்காரரிலிருந்து பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பெரியம்மா வரை எல்லோருக்கும் அவள் 'தாயி'தான். மராத்தியில் தாயி என்றால் அக்கா. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மராத்தி என்று வளர்ந்த நானும் அவளை அப்படியே கூப்பிட்டேன். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை உண்டு என்பது எனக்குத் தெரியாது. நான் நடக்கப் பழகும் முன்பே அம்மா இறந்துவிட்டாள். அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டு. பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார்.

ஆகவே வீடு அக்காவின் ராஜ்ஜியம். சைக்கிளில் கல்லூரிக்குப் போவாள், வரும் வழியில் காய்கறிக்காரனிடம் மராத்தியில் சண்டை போட்டுக் கொத்தமல்லியை இனாமாக வாங்கி வருவாள், அப்பாவையே அதட்டுவாள். அப்படி ஒரு பெண்ணை நான் இன்றுவரை பார்க்கவில்லை. ரசம் மட்டும் அவளுக்குக் கடைசிவரை வசப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிப் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் வகுப்பு நடக்கும். வங்கியில் வேலை பார்த்த ஒருவர் எங்களுக்கு சார். இலக்கணத்தைச் சுருக்கித் தருவதில் மன்னர்.

"முதல் எழுத்து ஒத்து வந்தா மோனை, ரெண்டாவது எழுத்து ஒத்து வந்தா எதுகை. 'போல' போட்டா உவமை, 'போல'வைத் தூக்கிட்டா உருவகம். இவ்வளவுதான் கவிதை" என்பார்.

நாங்கள் அதைத் தெருவில் பழகிப் பார்த்தோம். 'நீ எருமை போல இருக்கிறாய்' என்றால் உவமை, 'நீ எருமை' என்றால் உருவகம். உருவகத்துக்குத்தான் அடி அதிகம் விழுந்தது.

பொங்கல் விழாவுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். தலைப்பு 'தாய்'. நாலு வரி சொந்தமாகச் சொல்ல வேண்டும். ஓர் உவமையும் ஓர் உருவகமும் கட்டாயம். தலைப்பைக் கேட்டதும் எனக்கு ஒரே கொண்டாட்டம். சார் எழுத்தை விழுங்கி, தாயி என்பதைத் தாய் என்கிறார், அவ்வளவுதானே. அக்கா இல்லாத பிள்ளைகள் எல்லாம் என்ன சொல்லப் போகிறார்களோ என்று பாவமாகக்கூட இருந்தது.

அக்காவுக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை என்று அப்பா பின்னாளில் சொன்னார். சார் வீட்டுக்கே போய் நின்றாளாம். "தலைப்ப மாத்திருங்க சார். அவளுக்கு அம்மா முகமே தெரியாது. மேடையில நின்னு அழுதுருவா." அறிவித்தாகிவிட்டது என்று அவர் கையைப் பிசைந்தாராம். போகாதே என்று என்னிடமும் சொல்லிப் பார்த்தாள். அவளைப் பற்றிய பாட்டை அவளிடமே எப்படிச் சொல்வது?

விழாவில் என் முறை வந்தது. அக்கா முதல் வரிசையில், என்னைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக உட்கார்ந்திருந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்:

"தாய் சைக்கிளில் காலேஜ் போவாள்.
தாய் என் சடையை இழுத்துப் பின்னுவாள்.
தாய் குக்கர் போல, சத்தம் போடுவாள், சாதம் போடுவாள்.
தாய்க்கு ரசம் வைக்க வராது."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. சாருக்கும் சிரிப்புதான். "சத்தம், சாதம், மோனை வந்துருச்சு. குக்கர் போல, உவமையும் வந்துருச்சு. உருவகம் எங்கம்மா?"

உருவகத்தை நான் மறந்தே போயிருந்தேன். பரிசு போச்சு.

அவருக்கு அப்போதுதான் ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். "காலேஜ் போறாங்களா? யாரும்மா இந்தத் தாய்?"

"அதோ உக்காந்திருக்காளே, அவதான்" என்று அக்காவைக் காட்டினேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. சார் மெதுவாகக் கேட்டார். "தாய் போல-ன்னு சொல்றியா?"

இவருக்கு மராத்தி சுத்தமாக வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "போல எல்லாம் இல்ல சார். அவ தாயிதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முதல் பரிசான எவர்சில்வர் டிபன் டப்பாவை என் கையில் வைத்தார். கேட்ட உருவகத்தை நான் சொல்லவேயில்லை. பரிசு மட்டும் எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. வந்த பரிசைத் திருப்பித் தருவானேன் என்று பேசாமல் இறங்கினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முன்னால் அக்காவின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. ஊர் கூடிய இடத்தில் ரசத்தைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது.

"ரசம் அவ்வளவு மோசமில்ல தாயி. குடிக்கலாம்" என்றேன்.

சைக்கிள் நின்றது. அவள் என்னை இறக்கி நிறுத்தி, அவிழாத சடையை அவிழ்த்து, முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள். அன்று இழுக்கவே இல்லை. கோபம் இன்னும் தீரவில்லை போலும் என்று நான் டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.