நெற்றிலை போட்ட வசதி

எங்களுக்கு அந்த நேரம் ஒரு நல்ல சைக்கிள்கூட இல்லை. ஆனா இன்ரநெற்றிலை எங்களுக்குக் கார் இருந்தது.

இவர், என்ரை மனுசன், கிளிநொச்சிக்குச் சாமான் ஏத்திற லொறியிலை ஓடினவர். சண்டை தொடங்கிக் கிளிநொச்சிப் பாதையைப் பூட்டினதோடை லொறியும் நிண்டுது, வேலையும் போச்சு. வவுனியாவிலை வாடகை வீடு. என்ரை தையல் மெசின்தான் சோறு போட்டது. அப்பதான் கூட ஓடின ஒருத்தர் இவரை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொழும்பாலை வந்த ஒரு சேர் விளங்கப்படுத்தினாராம். சத்துமாப் பெட்டி ஒண்டை வாங்கிச் சேர வேணும், பிறகு எங்களுக்குக் கீழை ஆக்களைச் சேர்க்க வேணும், அவை சேர்க்கிற ஆக்களிலையும் எங்களுக்குப் பங்கு வரும், எல்லாம் வீட்டிலை இருந்தபடியே. இவர் கண் மினுங்க வந்தார். அடுத்த நாளே என்ரை தோடு அடைவுக்குப் போச்சு. நான் கத்தினனான். ஆர் கேட்டது?

"மெதுவாய்க் கதையும். ஆள் சேர்க்கிறனெண்டு பக்கத்து வீட்டுக்குக் கேட்டா இயக்கத்துக்கெண்டு நினைக்கப் போகினம்" எண்டு பகிடி வேறை. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அது இன்னும் கோவமாய் இருந்தது.

ஊருக்கை ஆர் சேருவினம்? சனத்திட்டை மீன் வாங்கக் காசில்லை. சேர் அதுக்கும் வழி சொல்லிக் குடுத்தார். வெளிநாட்டிலை இருக்கிற எங்கட ஆக்களை நெற்றிலை பிடிக்க வேணுமாம். அதுக்கு முதல், வசதியான ஆள் மாதிரித் தன்னைக் காட்ட வேணுமாம். கஷ்டப்பட்டவனை நம்பி ஒருத்தரும் வரமாட்டினமாம். இவர் ஸ்ரூடியோவிலை கோட்டும் ரையும் இரவல் வாங்கிப் போட்டு, ஆற்றையோ காரிலை சாஞ்சு நிண்டு படம் எடுத்தார். நெற்கபேக்காரர் இலவசமாய் ஒரு பக்கம் திறந்து குடுத்தார். படம், சொந்த ஊர் தண்ணீரூற்று, இப்ப வவுனியா, எங்கட ரெலிபோன் நம்பர், அதுக்கு மேலை கொட்டை எழுத்திலை 'வீட்டிலிருந்தே லட்சக்கணக்கில் உழைக்கிறேன்'. எங்கட ஆக்கள் உலகத்தின்ரை எந்த மூலையிலை இருந்தாலும் முதல் கேக்கிறது எந்த ஊர், ஆற்றை பகுதி எண்டுதானே. ஊரைப் போட்டா நம்புவினம் எண்டது இவற்றை கணக்கு.

அந்த நாளையிலை வவுனியாவிலை இருக்கிறவனே இல்லையெண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவன். கடைக்காரர் வாகனத்தை வீட்டுக்குப் பின்னாலை மறைச்சு விடுவினம். கோயிலுக்குக்கூடப் பொம்பிளையள் கழுத்திலை ஒண்டும் இல்லாமல்தான் போவினம். வசதி தெரிஞ்சா காசு கேட்டு ரெலிபோன் வரும், இல்லாட்டி ஆளைத் தூக்க வெள்ளை வான் வரும்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே? உந்தப் பக்கத்தைக் கழட்டச் சொல்லுங்கோ."

"உது வெளிநாட்டு ஆக்கள் பாக்கிறது. இஞ்சை ஆர் நெற் பாக்கினம்?"

நாள் தவறாமல் நெற்கபேயிலை போய்க் குந்தினார். லண்டன், கனடா, சுவிஸ் எண்டு ஊராக்களைத் தேடித் தேடி எழுதினார். அவையும் முதல்லை ஆசையாய்த்தான் பதில் போட்டவை. எங்கட வளவிலை ஆர் இருக்கினம், அந்தப் பெரிய மாமரம் நிக்குதோ எண்டு கேட்டவை. இவர் மாமரத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவார், சத்துமாவைப் பற்றிப் பத்து வரி எழுதுவார். போகப் போக ஒருத்தரும் எழுதாமல் விட்டுட்டினம். சிலர் ரெலிபோன் நம்பரையும் மாத்திப்போட்டினம். கனடாவிலை இருக்கிற என்ரை சித்தப்பாவின்ரை மகள், "அத்தான், இனி உதைப் பற்றி எழுதாதேங்கோ" எண்டு முடிச்சுப்போட்டாள். அதுக்குப் பிறகும் இவர் எழுதினவர்.

ஒருநாள் மத்தியானம் ரெலிபோன் அடிச்சுது. நல்ல மரியாதையான குரல். "அக்கா, அண்ணை நிக்கிறாரோ? நெற்றிலை பாத்தனான். சேருறதைப் பற்றிக் கதைக்க வேணும்." சத்தியமாய்ச் சொல்லுறன், நானும் சந்தோசப்பட்டன். இவர் கதைச்சுப்போட்டு ஓடிப்போய் முகம் கழுவி, தலை இழுத்து, மினுக்கி மடிச்சு வைச்ச சேட்டைப் போட்டார்.

"பாத்தீரே? ஊருக்கையே ஒராள்! பஸ் நிலையத்தடியிலை நிக்கிறாராம். வாறன்."

வரேல்லை.

பொழுதுபட அதே குரல் திரும்ப ரெலிபோன் எடுத்தது. "அண்ணை எங்களோடைதான் இருக்கிறார் அக்கா, பயப்பிடாதேங்கோ." பிறகு ஒரு தொகை சொன்னான். அவ்வளவு காசை நான் வாயாலை எண்ணினதும் இல்லை.

"ஐயோ தம்பி, அந்தக் கார் எங்கடை இல்லை. அவர் ஒரு சதமும் உழைக்கேல்லை. எல்லாம் பொய்."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை. அவர் எழுதினதை நாங்கள் வாசிச்சனாங்கள் அக்கா. வெளிநாட்டிலையும் ஆக்கள் இருக்கினம்தானே, கேளுங்கோ."

பொலிசிலை போய்ச் சொன்னன். எழுதி எடுத்துப்போட்டு அனுப்பிவிட்டினம். நெற்கபேக்காரரிட்டை அழுது, இவற்றை ஈமெயிலைத் திறந்து, இவர் எழுதின அத்தனை பேருக்கும் எழுதுவிச்சன். இவரைக் கடத்திக்கொண்டு போட்டினம், விடக் காசு கேக்கினம், ஏலுமானதை அனுப்புங்கோ எண்டு. கனபேர் பதிலே போடேல்லை. சித்தப்பாவின்ரை மகள் மட்டும் போட்டாள். "அத்தான், அக்கா எழுதிற மாதிரி நீங்கள்தான் எழுதிறியள் எண்டு விளங்குது. காசு வாங்க இனி இப்பிடியும் தொடங்கிட்டியளோ? வெக்கமாயில்லையோ?"

அவளிலை எனக்குக் கோவம் வரேல்லை. இவரிலைதான் வந்தது. ஆளைக் காணாமல் துடிச்சுக்கொண்டிருக்கேக்கையும், கையிலை கிடைச்சா நாலு அறை குடுக்க வேணும் போலை இருந்தது.

கடைசியாய் அவன் எடுக்கேக்கை, "தம்பி, ஒருத்தரும் எங்களை நம்பீனமில்லை" எண்டன்.

"நாங்கள் நம்பினனாங்கள்தானே அக்கா" எண்டுபோட்டு வைச்சான்.

பிறகு அவன் எடுக்கேல்லை. இவர் இண்டைவரைக்கும் வீட்டை வரேல்லை.