"நாளைக்கு மழை இல்லீங்க!"

மழையைச் சொல்லிப் பிழைக்கிறவனுக்கு அது பெய்தாலும் திட்டு, பெய்யாவிட்டாலும் திட்டு. திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு ஒலக்கூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கும் பொம்மையார்பாளையத்து மீனவர்களுக்கும் தினம் காலையில் வாட்ஸ்அப்பில் வானிலை பேசி அனுப்புவது என் வேலை. ஊருக்கு நல்லது சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் இருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

பசிபிக் பாடம்

சேர்ந்த புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பசிபிக் கடல் சூடாகிறது, இந்தோனேசியாவில் வறட்சி, ஆஸ்திரேலியாவில் அனல் என்று உலகத்தையே சுற்றிவிட்டுத்தான் நம்ம ஊருக்கு வருவேன். ஒலக்கூரில் ஒரு கூட்டத்திலும் இதையே விலாவாரியாகப் பேசினேன். முன்னால் உட்கார்ந்திருந்த காசியம்மாள் கையைத் தூக்கினார். ஒண்டியாக ஒரு ஏக்கர் மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, போடுகிறவர். போன போகம் மழையில் அழுகிப்போய், மிச்சமிருந்த விதையைத்தான் இப்போது போட்டிருந்தார். இதுவும் போனால் அடுத்து விதைக்க ஒரு கொட்டை கிடையாது.

"அவ்ளோ தூரம் இன்னாத்துக்கு தம்பி போற? எங்க கொல்லையில நாளைக்குப் பேயுமா பேயாதா, அத்த மட்டும் சொல்லு!"

ஒரு படகு மட்டும்

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. பிலிப்பைன்ஸ் பக்கம் பயங்கரப் புயல் என்று ஒருநாள் பேசினேன். நமக்கு ஆபத்து இல்லை என்பதைக் கடைசியில் சொன்னேன். கடைசி வரைக்கும் யார் கேட்கிறார்கள்? மறுநாள் பொம்மையார்பாளையம் போனால் தூக்கிவாரிப்போட்டது. நல்ல வெயில், காற்றே இல்லை. எல்லாரும் கடலுக்குப் போயிருக்க, அந்தோணி அண்ணன் படகு மட்டும் ரோட்டோரம் வரை இழுத்துக் கட்டிக்கிடக்கிறது. "அண்ணே, பிலிப்பைன்ஸ் எங்கேயோ இருக்குண்ணே!" என்று கத்தினேன். அவர் அசரவில்லை.

"இருக்கட்டுமே! கடல் ஒண்ணுதான சார்?"

உச்சியில் இருந்த பேச்சு

அதற்கப்புறம் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டேன். மல்லாட்டை பிடுங்கிக் களத்தில் காயப்போடும் நேரம். "நாளைக்கு மழை இல்லீங்க, தைரியமா காயப்போடுங்க" என்று பேசி, எல்லார் கண்ணிலும் படட்டும் என்று நானே அதைக் குரூப்பின் உச்சியில் பின் பண்ணி வைத்தேன். மூன்று நாளில் வானம் மாறியது. "இன்னைக்கு சாயங்காலம் கனமழை, ஜல்தியா அள்ளுங்க" என்று இரண்டு தடவை அனுப்பினேன். கொட்டித் தீர்த்தது. சொன்னது பலித்த சந்தோஷத்தில் மறுநாள் ஒலக்கூர் போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

காசியம்மாள் களத்தில் மல்லாட்டை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு. "நான் அனுப்பினதைக் கேக்கலையாம்மா?" என்றேன். "தெனம் காலையில கேட்டுக்கினுதான் இருக்கேன்" என்று போனை எடுத்து, உச்சியில் இருந்ததை அமுக்கினார். நாளைக்கு மழை இல்லீங்க என்றது என் குரல். படிக்கத் தெரியாதவருக்கு எது பழசு, எது புதுசு என்று எப்படித் தெரியும்? நான் ஒருநாளாவது தேதி சொல்லியிருக்கிறேனா? என் தப்புதாம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஈர மல்லாட்டையை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டே கேட்டார்.

"போனது போவட்டும். மிஞ்சினத வெதைக்காவது காயவைக்கணும். நாளைக்கு வெயில் அடிக்குமா தம்பி, நீயே சொல்லு."

அன்று முதல் என் பேச்சு பஞ்சாங்கம் மாதிரி தேதி, கிழமையோடுதான் தொடங்குகிறது. மழை என்னவோ இன்னும் அதன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது.