மதி என்ற பெயரில் சில்வியா

சில்வியாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நாங்கள் பார்த்த வேலையைச் சொல்லாமல் அது முடியாது.

திருவொற்றியூரில் ஒரு லாரி ஷெட்டுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டுக் கம்பெனி. புதிதாக வருகிறவன் முதல் வாரத்திலேயே சலித்து ஓடிவிடுவான். அவனை ஓடவிடாமல் பிடித்து வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஆட வந்தவர்கள் மாதிரி உள்ளே நுழைந்து, சிநேகம் பிடித்து, நாள் தவறாமல் ஆட்டத்துக்குக் கூப்பிட வேண்டும்.

நாங்களெல்லாம் “வணக்கம் நண்பரே, மீண்டும் வருக” என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதுவோம். சில்வியா ராயபுரத்துக்காரி. அப்பா அருள்நாதன் காசிமேட்டு விசைப்படகில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர். அவள் ‘மதி’ என்று ஆண் பெயர் வைத்துக்கொண்டு, “இன்னா மாமு, ரெண்டு நாளா ஆளையே காணோம்? வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா?” என்று கேட்பாள். போனவன் திரும்பி வந்துவிடுவான்.

ஏப்ரல் மாதம் அவளே ஒரு யோசனை சொன்னாள். மீன்பிடித் தடைக்காலம் வருகிறது, அறுபத்தோரு நாள் படகுகள் கரையில் கிடக்கும், ஆண்கள் கையில் ஃபோனோடு சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அவர்களை இழுக்கலாம் என்றாள். மேலாளர் அன்பரசன் மேஜையைத் தட்டி மெச்சினார். கடலை நம்பிய வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்த ஜனத்தையே காட்டிக் கொடுக்க எப்படி மனசு வந்ததோ!

அப்படி மாட்டியவன்தான் காசிமேட்டு லூயிஸ். பெண்டாட்டி மெர்லின், ஒரு கைக்குழந்தை. தினமும் ஆடினான், வீட்டுக் கதையெல்லாம் மதியிடம் கொட்டினான். தடை முடிந்து கடலுக்குக் கிளம்பும் முதல் நடைக்கு எவன் ஏறுகிறானோ, அவனுக்குத்தான் அந்தப் படகில் வருஷம் முழுக்க இடம். லூயிஸ் வேலை செய்த படகில் அதுதான் வழக்கம். சில்வியாவுக்கு இது தெரியாமல் இல்லை.

ஜூன் பதினாலாம் தேதி மத்தியானம் லூயிஸ் எழுதினான்: “சாயங்காலம் ஐஸ் ஏத்தப் போறேன் மாமு. அப்டியே கெளம்பிடுவோம். பத்து நாளைக்கு சிக்னல் கெடைக்காது.”

“பத்து நாள் போனா அவன் மறந்துடுவான். விடாதீங்க” என்று அன்பரசன் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

சில்வியா விசைப்பலகையை அருகில் இழுத்தாள். பிறகு எழுதினாள்: “இன்னா மாமு, ஃபைனல் நேரத்துல கழட்டி உட்டுட்டுப் போறியே. உன்ன நம்பித்தான் டீமே கீது. ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போ.”

அந்த ஒரு ஆட்டம் நாலாயிற்று, அப்புறம் ஏழாயிற்று.

மறுநாள் காலை அவளுக்குக் கைதட்டினோம். அவள் சேர்த்த மீனவர்களில் பாதிப் பேரை ஆட்டத்தை விட்டுப் போகவிடாமல் பிடித்துவிட்டாளாம். அதற்காக ஒரு கேக். வெட்கமில்லாமல் நானும் இரண்டு துண்டு தின்றேன்.

அப்போது லூயிஸிடமிருந்து வந்தது: “போட் பூட்ச்சு மாமு. என் எடத்துல வேற ஆள ஏத்திக்கினாங்கோ. மெர்லின் கொழந்தைய தூக்கிக்கினு அம்மா வூட்டுக்குப் பூட்டா.”

சில்வியா கையில் கேக் தட்டு இருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு மடமடவென்று அடித்தாள்: “நான் மதி இல்ல லூயிஸ். என் பேரு சில்வியா. உன் தோஸ்தும் கெடையாது. உன்ன ஆட வெக்கத்தான் எனக்கு சம்பளம். தப்பு பண்ணிட்டேன். ஃபோன வெச்சிட்டு இப்பவே போயி வேற போட்ல கேளு.”

அன்பரசன் ஓடி வருவதற்குள் அனுப்பிவிட்டாள். லூயிஸ் வாய்க்கு வந்தபடி திட்டுவான் என்று காத்திருந்தோம். திட்டியிருந்தால் எங்களுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு நிமிஷம் கழித்துப் பதில் வந்தது: “யாரா இருந்தா இன்னா? அடுத்த ஆட்டம் எத்தினி மணிக்கு?”

அன்பரசன் சிரித்தார். சில்வியா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள், அதற்குப் பிறகு வரவேயில்லை. அவள் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள்.

“நாலு மணிக்கு மாமு” என்று பதில் போட்டது நான்தான்.