வயர்லெஸ் மேடம் ஒட்டிய பச்சைக் காகிதம்

என் மேசைமேல் ஒரு பழைய வாக்கிடாக்கி நிற்கிறது. அதன் முதுகில் ஒரு பச்சைக் காகிதத் துண்டு. வயர்லெஸ் மேடம் தன் கையால் எழுதி ஒட்டிய எண் அதில் பாதி அழிந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் அதைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். என் மேசையில் எது இருக்கலாம் என்று நான்தான் சொல்வேன்.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, சிங்காரப்பேட்டையிலிருந்து லாரி கிளீனராக வந்தவன் நான். சூளகிரிப் பக்கம் ஜல்லி கிரஷர், சொந்த லாரிகள் எல்லாம் இந்தக் கையால் வந்தவை. ஓசூரில் நிற்கிற பாதிக் கம்பெனிகளின் அஸ்திவாரத்தில் என் கல்தான் கிடக்கிறது. சந்தேகம் இருந்தால் தோண்டிப் பாருங்கள். பாறைக் குழிக்குள் செல்போன் எடுக்காத காலத்தில், முறையாக மனுப்போட்டு லைசென்சு வாங்கி வயர்லெஸ் வைத்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். பாறை உச்சியில் கம்பம் நட்டேன். எனக்கென்று ஒரு அலைவரிசை. காலை ஆறு மணிக்கு டிரைவர்களின் பெயரை வரிசையாகக் கூப்பிட்டு அன்றைய வேலையைச் சொல்வேன். அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தேன்: சொல்லி முடிக்கும்வரை பட்டனிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. அழுத்தியிருக்கும்வரை எவனும் குறுக்கே பேச முடியாது. முதலாளி பேச்சென்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் கூரையில் ஏரியல் வைத்த ஜீப் ஒன்று கிரஷருக்குள் வந்தது. அலைவரிசைகளைக் கண்காணிக்கிற மத்திய அரசு அதிகாரி இறங்கினார். அவர்தான் வயர்லெஸ் மேடம். பருத்திச் சேலை, காலில் ஷூ, கழுத்தில் ஹெட்போன். டீ கொடுத்தோம், வேலை முடியட்டும் என்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

"சானமாவுக் காட்டுல யானை எங்க நிக்குதுன்னு வனத்துறை வாட்சர் வயர்லெஸ்ல சொல்றது, உங்க சத்தத்துல அமுங்கிப் போகுதுங்க ஐயா. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து அலைவரிசை. உங்க கம்பமோ உயரம். நீங்க வேற அலைவரிசை எண்ணுக்கு மாறிக்கணும்."

சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த லைசென்சைக் காட்டினேன். "நான் முன்னாடி வந்தவன் மேடம். காட்டுக்காரங்களை மாறச் சொல்லுங்க."

"அவங்களுது கர்நாடகா காட்டுக்காரங்களோட சேர்ந்து வச்சிருக்கிறது. யானை பார்டரைப் பார்த்தா நடக்குது? ஆர்டர் போட்டு உங்களை மாத்த மாசக்கணக்கா ஆகும். நீங்களா சம்மதிச்சா ஒரே நாள். நாளைக் காலையில காட்டுக்காரங்க கொட்டகைக்கு வந்து ஒரு தடவை கேளுங்க. அப்புறமும் முடியாதுன்னா நான் போயிடறேன்."

போனேன். பயந்தவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. பெயர் கூப்பிடுகிற வேலையை அன்றைக்கு மட்டும் என் மச்சானிடம் கொடுத்திருந்தேன். காட்டோரக் கொட்டகையில் மேடமும் வனக்காப்பாளரும் நானும் அவர்களுடைய வயர்லெஸ் செட்டின் முன்னால் உட்கார்ந்தோம். என் செட் என் இடுப்பில். ஆறு மணிக்கு வாட்சரின் குரல் வந்தது. "கூட்டம் கீழ இறங்குதுங்க சார்... பொம்பளைங்க கம்பெனி பஸ்ஸுக்கு நடக்கிற பாதையில... ரெண்டுல..." அதற்குமேல் வெறும் இரைச்சல். அதே நேரம் என் இடுப்பில் மச்சான் கணீரென்று ஆரம்பித்தான்: "டேய், இன்னைக்கு மாமா சீட்டுல நான்தான்! நாலாம் நம்பர் வண்டி, நேத்து வீட்டுல கறியாமே? சொல்லவே இல்ல?"

"ஏரிப் பாதையா, கோயில் பாதையா? சொல்லுப்பா!" என்று காப்பாளர் செட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அங்கே செல்போனுக்கு சிக்னல் இல்லை. நான் என் பட்டனை அழுத்தி, "மச்சான், விரலை எடுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் அழுத்திப் பிடித்திருக்கும்போது அவனுக்கு எப்படிக் கேட்கும்? நான் போட்ட சட்டத்தை அவன் ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தான். என் சட்டத்தை என்னாலேயே நிறுத்த முடியவில்லை.

காப்பாளர் பைக்கில் ஏரிப் பாதைக்குப் பறந்தார். நானும் மேடமும் என் ஜீப்பில் கோயில் பாதைக்குப் போனோம். ஐந்து பெண்கள் எதிரே சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். வண்டியால் வழியை மறித்தேன்.

"ஆனை இருக்குது, திரும்புங்க!"

"யாரு பெருசு நீ? பஸ்ஸு போயிட்டா நீயா வேலை குடுப்ப?" என்றாள் ஒருத்தி. அவள் சொல்லி முடிக்கவில்லை, அவர்களுக்குப் பின்னால் மூங்கில் முறிந்தது. ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு பின்பக்கமாகவே வண்டியை ஓட்டினேன். அந்த மாதிரி ரிவர்ஸ் இந்த ஜில்லாவில் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருத்தி தவறவிட்ட டிபன் கேரியரைப் பிறகு போய் எடுத்தோம். தட்டைவிடத் தட்டையாகக் கிடந்தது.

என் இடுப்பில் மச்சான் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். மேடம் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"எங்க கையெழுத்துப் போடணும் மேடம்?" என்றேன்.

அன்றைக்கே கிரஷரில் உட்கார்ந்து எல்லா செட்டையும் கம்ப்யூட்டரில் இணைத்துப் புது எண்ணுக்கு மாற்றிவிட்டார். ஒவ்வொன்றிலும் பச்சைக் காகிதம் ஒட்டினார். அதற்குப் பிறகுதான் டீ, அதுவும் இரண்டு கிளாஸ். கிளம்பும்போது சொன்னார்: "எண்ணை நான் மாத்திட்டேன். விரலை நீங்கதான் மாத்தணும் ஐயா. ஒரு பேரு சொன்னா ஒரு தடவை விடுங்க. அவங்களுக்கும் ஏதாவது சொல்ல இருக்கும்."

அதன் பிறகுதான் எந்த டிரைவருக்குப் பிரேக் சரியில்லை, எவன் வீட்டில் காய்ச்சல் என்பதெல்லாம் எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

மேடம் ஓய்வுபெற்றுத் தன் ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. இப்போது என் மகன் எல்லா வண்டிகளையும் செல்போனிலேயே நடத்துகிறான். இந்த செட்டின் பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது. ஆனாலும் காலை ஆறு மணிக்கு இதைக் கையில் எடுத்துப் பழைய டிரைவர்களின் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு பெயர் சொன்னதும் கட்டைவிரல் தானாக எழுந்துவிடுகிறது. பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கொஞ்சம் காது கொடுத்துவிட்டுத்தான் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறேன்.