சாமைக் கொல்லைக்குள் ஓர் ஆட்டம்

அன்று காலை மைதானத்தில் பதினெட்டு ஆட்டக்காரர்களும், உதவிப் பயிற்சியாளனான நானும் இருந்தோம். தலைமைப் பயிற்சியாளர் இல்லை. புதிய கோல்கீப்பரை அழைத்துவர மலையிலிருந்து சின்னசேலம் ஸ்டேஷனுக்கு இறங்கியிருந்தார். கிளப் மேனேஜர் சென்னையில் இருந்தார். முகாம் முடிந்ததும் என்னை வேலையில் வைப்பதா அனுப்புவதா என்று சொல்லப்போகிறவர் அவர்தான்.

சீசனுக்கு முன்னால் கல்வராயன் மலையில் இரண்டு வாரக் கால்பந்துப் பயிற்சி முகாம். மலைக்குக் கீழே, ரிஷிவந்தியம் பக்கம்தான் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வீட்டில் முதலில் படித்தவன் நான். பயிற்சியாளர் தேர்வுப் புத்தகங்களை அடிக்கோடு போட்டு மனப்பாடம் செய்திருந்தேன். அணியை எப்படி நிறுத்துவது, எப்போது ஆளை மாற்றுவது என்று தெரிந்துவிட்டால் ஜெயித்துவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

தலைமைப் பயிற்சியாளரை நாங்கள் சார் என்போம்; அவருக்கு ஒரு விதி உண்டு. விசில் கேட்கும்வரை யாரும் நிற்கக் கூடாது. பந்து வெளியே போனது போலத் தெரிந்தாலும் ஓட வேண்டும். அன்று அந்த விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கியது. முதலில் எதிர்ப்பக்கத்து கோல் கம்பம் கரைந்தது. பிறகு சுண்ணாம்புக் கோடு. பிறகு ஆட்கள். வெண்மைக்குள்ளிருந்து பந்தை உதைக்கும் சத்தமும், "இங்க, இங்க" என்ற குரல்களும் மட்டும் வந்தன. ஒரு குரல் தேய, வேறு மூலையில் இன்னொன்று எழுந்தது. சிவப்புச் சட்டை ஒன்று மிதந்து வந்து மறைந்தது. நான் அப்போதே ஊதியிருக்க வேண்டும். விசில் உதட்டில்தான் இருந்தது. ஊதினால் எல்லாம் கலைந்துவிடும் போலிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

ஒரு பெண்ணின் கூச்சல் கேட்டபிறகுதான் ஊதினேன். வேலியில்லாத எல்லையைத் தாண்டி, கதிர் பிடித்த சாமைக் கொல்லைக்குள் பதினெட்டுப் பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"பந்துக்குத்தான் கண்ணு இல்ல, உங்களுக்குமா இல்ல?" என்றார் கொல்லைக்காரம்மா.

"விசில் இப்பத்தாண்ணே கேட்டுச்சு. இல்லாங்காட்டி சேலம் வரைக்கும் போய்க்கினே இருந்திருப்போம்" என்றான் ஒருவன் என்னிடம். யாரும் சிரிக்கவில்லை.

சார் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்போரமாக நடந்து, மடிந்த கதிர்களைப் பார்த்தார். "எம்மா, விதி என்னுது. பசங்க நான் சொன்னதத்தான் செஞ்சாங்க. நஷ்டத்த நான் தரேன்."

மேனேஜருக்குப் போன் போட்டு அதையே சொன்னார். "விசில் யார்கிட்ட இருந்துச்சு?" என்று மறுமுனையில் கேட்டது எனக்கும் கேட்டது.

"என் விசிலு சார் அது" என்றார்.

என் வேலை தப்பித்துவிட்டது. ஆனால் கொல்லையோரம் நின்ற பதினெட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போனை வாங்கினேன். "என்கிட்டதான் இருந்துச்சு சார். ஊதாம நின்னுட்டேன்."

"உன்ன வெச்சிக்கலாமான்னு உங்க கோச்சையே கேட்டுக்கோ" என்று மேனேஜர் போனை வைத்துவிட்டார்.

சாரைப் பார்த்தேன். "இன்னா பாக்குற? சாயங்காலம் பிராக்டிஸு இருக்கு. சீக்கிரம் வந்துடு" என்றார்.

கொல்லைக்காரம்மா எட்டாயிரம் கேட்டு, ஆறுக்கு இறங்கினார். சார் மூவாயிரம், நான் மூவாயிரம்.