கால்வாய்க் கரையில் ஒரு கலியாண வீடு

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்ததும், பேங்கொக்கில் ஹோட்டலொன்றில் வேலை செய்யும் மகனைப் பார்க்க நானும் மனைவியும் இலங்கையின் கிழக்கே சாய்ந்தமருதிலிருந்து போயிருந்தோம். உயரமான கட்டடங்களும் கடைத்தொகுதிகளும் அவளுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டன. “இந்த ஊர்ல சனங்க எங்க சமைக்கிற, எங்க உடுப்புக் காயப்போடுற? அதக் காட்டுங்க” என்றாள். கால்வாய்ப் படகில் போனால் முஸ்லிம்கள் வாழும் பழைய குடியிருப்பு ஒன்று வரும் என்று மகன் வழி சொன்னான்.

எதையும் எண்ணிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. கடவுச்சீட்டுகள், மாத்திரைகள், போன், விலாசம் எல்லாம் என் பையில்தான். அவளிடம் கொடுத்தால் தொலைந்துவிடும் என்று பயம். படகிலும் துறைகளை எண்ணிக்கொண்டே வந்து, சரியான துறையில் முதல் ஆளாக இறங்கினேன். அந்தப் படகுகள் நிற்பது மூச்சு விடும் நேரம்தான். பின்னால் வந்த அவள், கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண்ணுக்கு வழிவிட்டு நின்றாள். படகு புறப்பட்டுவிட்டது. நான் தமிழில் கத்தினேன். அவள் ஏதோ பயணம் போகிறவள் மாதிரி கையசைத்தாள்.

கல்முனைச் சந்தையில் தெருவைக் கடக்கவே என் கையைப் பிடிப்பவள் அவள். மகன் போனை எடுக்கவில்லை. பக்கத்துப் பள்ளிவாசலுக்கு ஓடினேன். என் ஆங்கிலம் அங்கே எடுபடவில்லை. தெரிந்த அரபியில் ‘என் மனைவி’ என்று சொல்லிக் கால்வாயைக் காட்டினேன். இரண்டு இளைஞர்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டு தண்ணீரில் குதிக்கப் போனார்கள்! அவர்களை இழுத்துப் பிடித்து, படகு போன கதையைக் கையாலேயே நடித்துக் காட்டினேன். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டு, என் கையைப் பிடித்துக் கரையோரமாகவே அடுத்த துறைக்கு நடத்திப் போனார். அடுப்படிகள், கொடியில் காயும் சாரங்கள், கூண்டுக் குருவிகள் என்று வழியெல்லாம் அவள் பார்க்க ஆசைப்பட்டவைதான். என் கண்ணோ தண்ணீரை விட்டு அகலவில்லை.

துறைக்குச் சற்று முன்னால் ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் வட்டமாக இருந்து வெங்காயம் உரித்தார்கள். நடுவில் என் மனைவி.

“புள்ள! இஞ்ச என்ன செய்ற? எனக்கு உசிரே போயிட்டு!”

“நீங்க தேடி வருவீங்க எண்டு தெரியும். அதுவரைக்கும் சும்மா நிக்கிறயா?”

“என்ன பாசையில கதைச்ச இவங்களோட?”

“ஸலாம் சொன்ன, கத்திய எடுத்த, இருந்த. கலியாண ஊட்டுல வெங்காயம் உரிக்கிற பொம்புளய ஆரு தொரத்துவாங்க? முகத்தத் தொடச்சிட்டு அங்கால ஆம்புளயளோட போய் இரிங்க. எல்லாரும் பாக்காங்க.”

அந்தப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. என்னை அழைத்து வந்த பெரியவர் எனக்குப் பக்கத்தில் இருந்து, நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார். புறப்படும்போது மணப்பெண்ணின் தாய் என் மனைவியைக் கட்டிப்பிடித்து விடை கொடுத்தார். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது.

எனக்குப் பிறகு இவள் தனியாக என்ன செய்வாள் என்ற கவலை நெடுங்காலம் எனக்குள் இருந்தது. அன்றோடு அது போய்விட்டது. இப்போது இருப்பதெல்லாம், இவளுக்குப் பிறகு நான் என்ன செய்வேன் என்ற கவலைதான்.